இறக்கிவிடும்போது ஒரு வார்த்தை

பள்ளி வேனில் யாருக்கும் பெயர் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பெயரைச் சொன்னால் இரண்டு பேர் திரும்பினார்கள், நான் கூப்பிட்டவள் மட்டும் திரும்பவில்லை. போதும்டா சாமி என்று, யார் எந்த வாசலில் ஏறுகிறார்களோ அந்த வாசலையே பெயராக வைத்துவிட்டேன். பச்சை கேட், மருந்துக்கடை, மூணாவது மாடி. பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். காய்ச்சல் என்று ஒருத்தி வராத நாளில், "சித்தி, இன்னைக்கு மருந்துக்கடை லீவு" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

சித்தி என்பது நான்தான். உண்மையில் அந்த வேனில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் நான் சித்தி. என் அக்கா மகள் பட்டாணிக்கு. பிறந்தபோது அவ்வளவு உருண்டையாக இருந்தாள்; இப்போது ஒல்லிக்குச்சியாக ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள், பெயர் மட்டும் விடவில்லை. அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வண்டி முழுக்க எனக்கு அக்கா பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். வண்டி ஓட்டுவது அவளுடைய அப்பா, என் மாமா. நான் கதவைத் திறப்பேன், கைபிடித்து ஏற்றுவேன், தலை எண்ணுவேன், யாராவது வாந்தி எடுத்தால் துடைப்பேன். மாமா ஓட்டுவார், பேசுவார்.

அந்தப் பேச்சைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும். மாமா எந்தப் பிள்ளையையும் சும்மா இறக்கிவிட மாட்டார். வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். "பாதி வழியிலேயே தூங்கிடுச்சு." "டிபன் பாக்ஸ் கனமாவே இருக்கு, என்னன்னு பாருங்க." "இன்னைக்கு வழி முழுக்க ஒரே பாட்டு." பிள்ளையோடு அன்றைய சேதியையும் ஒப்படைத்தால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. பெற்றவர்களுக்கும் அது பிடிக்கும். பகல் முழுக்கக் கண்ணில் படாத பிள்ளையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? "உங்க வாய்க்கு ஒரு ஹேண்ட் பிரேக் போடணும் மாமா" என்பேன். சிரித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் அக்காவும் வாசலிலேயே "என்ன சேதி?" என்று அவரைத்தான் கேட்பாள். பட்டாணியின் அன்றைய கதையையும் அவரே சொல்லி முடித்துவிடுவார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

வேனின் கடைசி இருக்கை நான்கு பேருடையது. காலையில் முதலில் பட்டாணி, எங்கள் வீட்டிலிருந்தே ஏறிவிடுவாள். அடுத்த வாசல் பச்சை கேட். அவளுக்குத்தான் ஜன்னல். பிறகு வெகுதூரத்துக்கு வேறு யாரும் ஏற மாட்டார்கள். காலியாகக் கிடக்கிற வண்டியில் அந்த இரண்டும் மட்டும் கடைசி இருக்கையில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு குசுகுசுவென்று பேசிக்கொண்டு வரும். மாலையிலும் அப்படித்தான். மருந்துக்கடையும் மூணாவது மாடியும் இறங்கிய பிறகு அதே இரண்டு பேர், அதே குசுகுசு. இரண்டாம் வகுப்பிலிருந்து இதுதான் நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலை பச்சை கேட் ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பையைத் தூக்கித் தனக்கும் பட்டாணிக்கும் நடுவில் வைத்தாள். வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மற்ற இரண்டு பேரும் ஏறியதும், "இங்க எதுவும் பேசாதீங்கடி, ரேடியோ இருக்கு" என்றாள். மருந்துக்கடை சிரித்தாள். மூணாவது மாடி சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிற பிள்ளைக்கு ரேடியோ என்று பெயரா? மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் மூன்று பைகளும் சேர்ந்து பட்டாணியின் இடத்தையே எடுத்துக்கொண்டன. எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் வந்தால் நான் நிதானமாக யோசிக்கிற ஜாதி இல்லை. நேரே போய்ப் பைகளைத் தூக்கித் தரையில் வைத்தேன். "இது பை உட்கார்ற இடமா, பிள்ளை உட்கார்ற இடமா? நாலு பேரும் ஒழுங்கா பக்கத்துல பக்கத்துல உட்காருங்க" என்று அதட்டினேன். உட்கார்ந்தார்கள். நடுவில் பட்டாணி தோளைக் குறுக்கி, தன் இடத்திலேயே இடம் இல்லாதவளாக உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை என்னிடம் வந்து, "இனிமே எனக்காகப் பேசாதீங்க சித்தி" என்றாள். அடுத்த நாளிலிருந்து முன்னால் வந்துவிட்டாள். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கருவிப்பெட்டி ஒன்று உண்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். எல்லோருக்கும் முதுகு. சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. காலையில் வயிற்றுவலி என்றாள், அடுத்து தலைவலி. ஒரு நாள் அக்காவிடம், வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு என்றாளாம். என்ன நடந்தது என்று கேட்டால் கல்லுளிமங்கி, "ஒண்ணுமில்ல" என்பதற்கு மேல் வார்த்தை வராது. மாமாவைக் கேட்டால், "சின்னப் பிள்ளைங்க சண்டை, நாளைக்கே கட்டிப் புரளுங்க" என்றார். அந்த நாளை வரவே இல்லை. என் கண் முன்னாலேயே பிள்ளை கரைந்துகொண்டிருந்தாள், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அதனால்தான் அந்த மாலை நான் ஏமாந்தேன்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் எல்லோரையும் ஏற்றிவிட வேண்டுமென்று நான் கதவருகே நின்று விரட்டிக்கொண்டிருந்தேன். பட்டாணி ஓடி வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம். கருவிப்பெட்டியைத் திரும்பியும் பார்க்காமல் நேரே பின்னால் போனாள். மருந்துக்கடை நகர்ந்து இடம் விட்டாள். மூணாவது மாடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தலை எண்ணினேன். ஒன்று குறைந்தது. ஜன்னல் ஓரம் காலி.

"பச்சை கேட் எங்க?"

"அவங்க மாமா வந்து கூட்டிட்டுப் போயிட்டார் சித்தி" என்றாள் பட்டாணி. சட்டென்று சொன்னாள், கேள்வி முடிவதற்குள்.

வீட்டு ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போனால் என் போனுக்குச் சொல்ல வேண்டும் என்பது வண்டியின் சட்டம். யாரும் சொல்லவில்லை. இறங்கிப் போய் வாட்ச்மேனை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். தோன்றத்தான் செய்தது. ஆனால் அந்தப் பிள்ளை சிரித்து எத்தனை நாளாயிற்று. அந்தச் சிரிப்பைச் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை. "கிளம்பலாம் மாமா" என்று கதவைச் சாத்தினேன்.

சின்னப் பிள்ளைகளை ஒவ்வொரு வாசலாக இறக்கினோம். மாமா ஒவ்வொரு வாசலிலும் தன் சேதியைச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசி இருக்கை மூன்று பேர் மட்டும் மிச்சம் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பின் ஜன்னல் எப்போதும் பாதியில் சிக்கிக்கொள்ளும், அதை இழுத்து மூடப் போனேன். சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது. பட்டாணி காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு எதையோ மறைத்தாள்.

இருக்கைக்கு அடியில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்று அவளுடையது. இன்னொன்றின் ஜிப்பில் மெரூன் வெல்வெட் துணியில் தைத்த குட்டித் தலையணை ஒன்று தொங்கியது. அந்தத் தலையணை வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். பச்சை கேட் அதைத் தடவாமல் ஒரு நாளும் வண்டியிலிருந்து இறங்கியதில்லை.

அவளுடைய மாமா வந்து அழைத்துப் போயிருந்தால் பையை ஏன் விட்டுவிட்டுப் போகிறார்?

"மாமா, வண்டியை ஓரம் கட்டுங்க" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

பள்ளிக்குப் போன் போட்டேன். வாட்ச்மேன் எடுத்தார். பச்சை கேட்டைத் தேடி யாரும் வரவில்லை. மணி அடித்ததும் பிள்ளை பை இல்லாமல் கூட்டத்தோடு வெளியே போனதைப் பார்த்தாராம், அம்மாவோடு கடைக்குப் போகிறது என்று நினைத்தாராம். அந்த அம்மாவுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வேலை பார்க்கிற இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீடு திரும்பும்போதுதான் கைக்கு வரும்.

மாமா தன் இருக்கையிலிருந்து முழுக்கத் திரும்பினார். "பட்டாணி, அவ எங்க போயிருக்கா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கிறேன்."

அவள் பச்சை கேட்டின் பையை மடியில் தூக்கி வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். மருந்துக்கடையும் மூணாவது மாடியும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "எங்களுக்கு எங்கேன்னு தெரியாது சித்தி, சத்தியமா. வெளிய போறான்னு மட்டும்தான் தெரியும்" என்றாள் மூணாவது மாடி. அழுகை வந்துவிட்டது அவளுக்கு.

மாமா கத்தி நான் கேட்டதில்லை. அன்று கத்தினார். "சொல்லித் தொலை! இப்படி மழை கொட்டுது, ஒரு பிள்ளையைக் காணோம், நீ வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கே!"

"சொல்லமாட்டேன்!" பட்டாணி எழுந்தே நின்றுவிட்டாள். "நான் எப்பவும் எதையும் சொன்னதே இல்ல! நீதாம்ப்பா சொன்னே!"

"நான் என்ன சொன்னேன்?"

"அவங்க அப்பா மதியம் வேலிக்கிட்ட வந்து அவளைப் பார்க்கிறார்னு. அவங்க அம்மாகிட்ட. கேட் வாசல்ல வெச்சு நீதான் சொன்னே. நான் உள்ளேதான் இருந்தேன். கேட்டேன்."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

பச்சை கேட்டின் அப்பாவும் அம்மாவும் பிரிந்திருப்பது எங்களுக்குத் தெரியும். அப்பா அவளைப் பார்க்கக் கூடாது என்று அந்த அம்மா சொல்லியிருப்பது தெரியாது. அவர் மதிய இடைவேளையில் பள்ளியின் பின்பக்க வேலியருகே வந்து, கம்பிகளுக்கு நடுவே பத்து நிமிஷம் மகளோடு பேசிவிட்டுப் போவாராம். காலியான வண்டியில் அந்த இரண்டும் குசுகுசுத்துக்கொண்டு வந்ததெல்லாம் அதுதான். பிள்ளைகள் என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைக்கும். ஓட்டுகிறவருக்குக் காது முழுக்கப் பின்னால்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான். மாமா அதைக் கேட்டிருக்கிறார். அவருக்கு அது நல்ல சேதியாகப் பட்டிருக்கிறது. "அப்பாவைப் பார்த்துச்சாம், இன்னைக்குப் பாப்பா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்" என்று ஜன்னல் வழியாக ஒப்படைத்துவிட்டார். மறுநாளிலிருந்து வேலியருகே ஒரு காவலாளி நின்றார். நானும் அன்று கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றிருப்பேன். மாமாவின் சேதிகளைக் காதில் வாங்குவதையே நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

"அப்போ நீ இல்லையா?" என்றாள் மருந்துக்கடை மெதுவாக.

மாமா இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நடைவழியில் குனிந்தபடியே பின்னால் வந்து மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். "அப்பாதான் சொன்னார்னு அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"சொன்னா உன்னை ரேடியோன்னு கூப்பிடுவாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை நாள் அந்தக் கருவிப்பெட்டியின்மேல், தன்னைக் காட்டிக்கொடுத்தவரின் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டு, அவருக்காக வாயைத் திறக்காமல் வந்திருக்கிறாள்.

"சரி. அது என் தப்பு" என்றார் மாமா. "இப்போ சொல்லு. நீ சொன்னதா யாருக்கும் தெரிய வேண்டாம். நாங்களே தேடிக் கண்டுபிடிச்சோம்னு சொல்லிக்கிறேன்."

"தெரிஞ்சிடும். எங்க போறான்னு என்கிட்ட மட்டும்தான் சொன்னா." பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "வெளிய தெரிஞ்சா நீதான்னு தெரிஞ்சிடும்னு சொன்னா. தெரியலைன்னா நாளையிலிருந்து பழைய மாதிரி. ஜன்னலுக்குப் பக்கத்துல."

அந்தப் பச்சை கேட்டின் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பத்து வயதில் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒரு கண்ணி வைக்க முடியுமா? அடுத்த நொடியே, மழையில் எங்கோ தனியாகப் போய்க்கொண்டிருக்கிற பிள்ளை என்று நினைத்ததும் கோபம் நிற்கவில்லை.

நானும் தரையில் உட்கார்ந்தேன். "பட்டாணி, நீ சொன்னா அவ உன்கூடப் பேசாமலே போகலாம். இல்லைன்னு நான் உனக்குக் காது குத்த மாட்டேன். ஆனா இருட்டுறதுக்குள்ள அவ கிடைக்கணும். அது மட்டும்தான் இப்போ."

அவள் அந்தக் குட்டித் தலையணையையே பார்த்தாள். எனக்கு அது மழைக்காலம் முழுதும் ஆன மாதிரி இருந்தது.

"சோபா பட்டறை" என்றாள். "லாரி ஷெட்டுக்குப் பக்கத்துல. அவங்க அப்பா அங்கதான் வேலை பார்க்கிறார். நடந்தே போயிடுவேன்னு சொன்னா."

சொல்லி முடித்ததும் அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், போய்விட்டது.

மாமா அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தார். லாரி ஷெட் இருக்கிற சாலையில் பெரியவர்களே நடக்கப் பயப்படுவார்கள். நடைபாதை கிடையாது. லாரிகள் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். வைப்பர் இழுக்க இழுக்கக் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. நான் படிக்கட்டில் நின்று சாலையின் ஒரு பக்கத்தைப் பார்த்தேன், பிள்ளைகள் மூன்றும் மறுபக்க ஜன்னல்களில் ஒட்டிக்கொண்டன. வழியில் வெள்ளைச் சட்டை போட்ட யாரைப் பார்த்தாலும் குனிந்து முகத்தைத் தேடினேன். ஒரு இடத்தில் கூட்டம் நின்றிருந்தது. மாமா வேகத்தைக் குறைத்தார். யாருடைய ஸ்கூட்டரோ வழுக்கி விழுந்திருந்தது. மாமா மூச்சை விட்டதை நான் கேட்டேன்.

பட்டறை பூட்டியிருந்தது. ஷட்டர் கீழ்வரை இறங்கியிருந்தது. வார விடுமுறை போலிருக்கிறது. வாசலில் யாரும் இல்லை. நான் இறங்கிக் கூப்பிட்டேன், மாமா கூப்பிட்டார். மழையில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. பட்டறைச் சுவரை ஒட்டி, துணி போடாத சோபாச் சட்டங்களை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்து ஷெட்டிலிருந்து ஒரு லாரி அந்தச் சுவரை நோக்கிப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

பட்டாணி ஜன்னல் வழியாக அலறினாள். "சித்தி, ஷூ! தார்ப்பாய்க்குக் கீழ ஷூ!"

கறுப்பு ஷூ, அதற்கு மேல் சேறு படிந்த வெள்ளை சாக்ஸ். தார்ப்பாய்க்குள் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள். லாரி நிற்கவில்லை. மாமா ஓடினார். லாரியின் பக்கவாட்டுத் தகரத்தை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டே ஓடினார், "நிறுத்துய்யா, பிள்ளை இருக்கு, நிறுத்து!" என்று கத்தினார். வண்டிக்குள்ளிருந்து மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் கூப்பிட்டன. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருப்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. "பச்சை கேட்! பச்சை கேட்!"

தார்ப்பாய் அசைந்தது. அவள் வெளியே வந்து சுவரோரமாக ஒதுங்கினாள். லாரி சட்டங்களில் லேசாக இடித்து நின்றது. மேலிருந்த ஒரு சட்டம் சரிந்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் விழுந்தது.

நான் போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று இடுப்பு சொன்னது, கேட்கவில்லை. முழுக்க நனைந்து வெடவெடவென்று நடுங்கினாள். அழவில்லை. என் தோள் வழியாக வண்டியைப் பார்த்தாள். மழையையும் பொருட்படுத்தாமல் படியில் நின்றுகொண்டிருந்த பட்டாணியைப் பார்த்தாள்.

"சொல்லிட்டே இல்ல?"

"இல்லம்மா," மாமா மூச்சிரைக்க முந்திக்கொண்டார், "நாங்களே தேடிக்கிட்டு..."

"நான்தான் சொன்னேன்" என்றாள் பட்டாணி.

மாமா வாயை மூடிக்கொண்டார்.

"அன்னைக்கு நான் சொல்லல. இன்னைக்கு நான்தான் சொன்னேன். நீ என்கூடப் பேசலைன்னாலும் பரவாயில்ல." சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள். பரவாயில்லாமல் எல்லாம் இல்லை என்பது லாரி டிரைவருக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

பச்சை கேட் என் தோளிலிருந்து இறங்கினாள். பட்டாணியைத் தாண்டி வண்டிக்குள் ஏறினாள். பின்னால் போகவில்லை. கருவிப்பெட்டியின்மேல் உட்கார்ந்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டாள்.

மாமா ஓட்ட உட்கார்ந்தவர் சாவியைத் திருகாமல் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "உங்கம்மாகிட்ட அன்னைக்குச் சொன்னது நான்மா. பட்டாணி இல்ல."

"அது ரகசியம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நல்ல சேதின்னு நினைச்சேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரும் மேற்கொண்டு மன்னிப்பு, சமாதானம் என்று ஒன்றும் பேசவில்லை. ஓட்டினார்.

மருந்துக்கடை வாசலில் அவள் அம்மா குடையோடு காத்திருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். "நேரமானதுக்கு நான்தான் காரணம், நாளைக்கு வந்து விவரம் சொல்றேன்" என்றார் மாமா. அந்த அம்மா இன்னும் ஒரு வார்த்தைக்காக ஜன்னலைப் பார்த்தபடியே நின்றார். வண்டி கிளம்பிவிட்டது. மூணாவது மாடியிலும் அப்படியே. மாமாவின் கை இரண்டு முறை ஜன்னல் கண்ணாடியை இறக்கப் போய், பாதியில் திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

பிறகு எல்லா மாலையும் போல அந்த இரண்டு பேர் மட்டும் மிச்சம். பட்டாணி பின்னாலிருந்து எழுந்து வந்தாள். பையைப் பச்சை கேட்டின் காலடியில் வைத்தாள். திரும்பிப் போகாமல் நின்றாள். வண்டி வளைவில் சாய்ந்தபோது தடுமாறினாள். பச்சை கேட் அவளைப் பார்க்காமலே கருவிப்பெட்டியில் கொஞ்சம் நகர்ந்தாள். அது ஒருவர் உட்காரவே போதாத பெட்டி. இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக, விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார்கள்.

பச்சை கேட் வாசலில் அவள் அம்மா தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். நான் விடாமல் போட்ட அழைப்புகளை அப்போதுதான் பார்த்திருப்பார். மாமா எந்த வாசலிலும் இருக்கையை விட்டு இறங்கியதில்லை. அன்று இறங்கினார்.

"என்ன ஆச்சு?" என்று அந்த அம்மா அவரைக் கேட்டார். நனைந்து நிற்கிற மகளை விட்டுவிட்டு அவரைத்தான் கேட்டார். அவ்வளவு பழக்கப்படுத்தி வைத்திருந்தார் மனிதர். பச்சை கேட்டும் அவர் முகத்தைத்தான் பார்த்தாள். அவளுக்கு ரத்தமே இல்லை முகத்தில்.

மாமா ஒரு அடி முன்னால் வந்தார். "பிள்ளை பத்திரமா இருக்கு. என்ன நடந்துச்சுன்னு பாப்பாவே சொல்லும். சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் இங்கேயே நிக்கிறேன். அன்னைக்கு அது பேசினதை உங்ககிட்ட வந்து சொன்னது என் தப்பு."

பட்டாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

பச்சை கேட் தரையைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். அவர் நகரவில்லை.

"அப்பாவைப் பார்க்கப் போனேன்" என்றாள். "ஸ்கூல் முடிஞ்சு. தனியா. நடந்து."

அந்த அம்மா கையை ஓங்கினார். அடித்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"பட்டறை மூடியிருந்துச்சும்மா" என்றாள் பிள்ளை. அப்போதுதான், அந்த வார்த்தையில்தான் அழுகை வந்தது அவளுக்கு. ஓங்கிய கை அவள் தலையில் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. குடை எங்கோ உருண்டது. இரண்டு பேரும் மழையில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். லாரி விஷயமும் அவள் வாயாலேயே வந்தது. ஒவ்வொன்றாக, விக்கி விக்கி, எல்லாவற்றையும் சொன்னாள். முடித்ததும் அந்த அம்மா, "இனி வேலிக்குப் பின்னாடி வேண்டாம். நானே பேசறேன் அவர்கிட்ட" என்றார். எப்போது பேசுவார், என்ன பேசுவார், அதெல்லாம் அவர்கள் வீட்டு விஷயம்.

பையை மறந்துவிட்டுப் பாதி தூரம் போன பச்சை கேட் திரும்பி ஓடி வந்தாள். பட்டாணி படியிலிருந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். தலையணையைத் தடவினாள்.

"நாளைக்கு ஜன்னல் எனக்கு" என்றாள்.

"எப்பவும் உனக்குத்தானே."

பச்சை கேட் ஓடிவிட்டாள். பட்டாணி கருவிப்பெட்டியைத் தாண்டிப் பின்னால் போனாள். கடைசி இருக்கையில் ஜன்னல் ஓரத்தைக் காலியாக விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தாள்.

எங்கள் வாசலில் அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "மணி என்ன ஆகுது? மூணு பேரும் என்ன கோலம் இது? என்ன சேதி?" வழக்கம்போல மாமாவைப் பார்த்துத்தான் கேட்டாள்.

மாமா ஈரச் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அவளையே கேளு" என்றார்.

அக்கா ஒன்றும் புரியாமல் மகள் பக்கம் திரும்பினாள். பட்டாணி அப்பாவைப் பார்த்தாள். நிஜமாகவா என்று பார்த்தாள். அவர் நிமிரவில்லை, செருப்பைச் சுவரோரம் நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

"உட்காரும்மா. இது பெரிய கதை" என்றாள் பட்டாணி.

அக்கா உட்கார்ந்தாள். கதை நீண்டது. நடுவில் பல இடங்களில் தப்பும் தவறுமாகச் சொன்னாள். லாரியை இரண்டு லாரி ஆக்கினாள், ஸ்கூட்டர் விழுந்ததையும் சேர்த்துக்கொண்டாள். மாமா என் பக்கத்தில் நின்று, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கடைசிவரை கேட்டார்.